நின்றால் எவ்வளவு இழுக்கும்?

மெடிக்கல் ஷாப்புக்குப் போய், ‘சார், ஒரு நல்ல மாத்திரை குடுங்க’ என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். ‘எதுக்குங்க? தலைவலிக்கா, வயித்து வலிக்கா?’ என்பார். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தினம் தினம் இது நடக்கிறது. ‘ரிமோட் வண்டி செய்யறேன் சார். ஒரு நல்ல மோட்டார் கன்ட்ரோலர் குடுங்க.’ கடைக்காரரும் சளைக்காமல் ஒரு சிவப்பு போர்டை எடுத்துக் கொடுத்து விடுகிறார். என்ன மோட்டார், எத்தனை மோட்டார், என்ன பேட்டரி... மூச்!

நான் பி.காம். எனக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு, காலையில் சுவிட்சைப் போட்டு மாடி டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றுவது, ‘ஏங்க, டேங்க் ரொம்பி வழியுது’ என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்ததும் அணைப்பது. அவ்வளவுதான். என்னை இந்த வம்பில் இழுத்து விட்டவன் என் அக்கா மகன். முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. பையன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தான். பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்பது அவன் கட்சி. ‘ப்ளஸ் ஒன்ல காமர்ஸ் எடு. மாமா மாதிரி பி.காம். முடி. பேங்க் பரீட்சை எழுது’ என்பது அவன் அப்பா கட்சி. (மாமா எந்த பேங்க்கிலும் வேலை பார்க்கவில்லை என்பதை ஏனோ யாரும் கவனிப்பதில்லை.)

2023 ஆகஸ்ட் 23-ம் தேதி சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதை டி.வி. முன்னால் வாய் பிளந்து பார்த்த பையன்களில் இவனும் ஒருவன். லேண்டரின் வயிற்றிலிருந்து சாய்தளம் வழியாக இறங்கி வந்ததே பிரக்யான், 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டி, அது இவன் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர் என்று தெரிந்ததும் பைத்தியம் முற்றிவிட்டது. விழுப்புரம் எங்கே இருக்கிறது? புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். அதோடு அவர் முதலில் படித்தது பாலிடெக்னிக் டிப்ளமா. அப்புறம்தான் பி.இ., எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. எல்லாம். பையனுக்கு இது போதாதா? வீட்டில் தினமும் அவர் பெயரைச் சொல்லித்தான் சண்டை.

சேர்த்து வைத்த காசில் ஒரு ரோவர் செய்தான். அக்ரிலிக் தட்டு ஒன்று, மஞ்சள் கலர் பிளாஸ்டிக் கியர் மோட்டார் நாலு, சக்கரம் நாலு, மூளைக்கு ஒரு ஆர்டுயினோ, போனிலிருந்து ஓட்ட ஒரு புளூடூத் போர்டு, சக்திக்கு இரண்டு லித்தியம் செல். இது எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து மோட்டாருக்கு மின்சாரம் அளந்து விடுகிற மோட்டார் கன்ட்ரோலர் மட்டும் விரல் நகம் சைஸில், மலிவாக ஒன்று. விளம்பரப் படத்தில் ‘1.5 ஆம்பியர்’ என்று போட்டிருந்ததாம்.

மொசைக் தரையில் வண்டி ஜோராக ஓடியது. அக்கா கூட, ‘டேய், அடுப்படியிலேர்ந்து காபி டம்ளரை இதுல அனுப்பட்டுமா?’ என்றாள். எதிர் வீட்டில் மாடி கட்டுகிறார்கள். வாசலில் மணல் கொட்டிக் கிடந்தது. நிலா என்றால் மண் வேண்டாமா? மணல் மேட்டில் ஏற்றினான். பாதி ஏறியது. சக்கரம் புதைந்தது. இவன் பட்டனை விடாமல் அமுக்கினான். நாலு விநாடி இருக்கும். பொசுங்கிய வாசனை. கன்ட்ரோலர் காலி.

கடையில் கேட்டு இரண்டாவதாக வாங்கியது நான் சொன்ன சிவப்பு போர்டு. எல் 298 என்று பெயர். முதுகில் கறுப்பாக அலுமினிய ஹீட் சிங்க் எல்லாம் வைத்து, பார்க்கவே பயில்வான் மாதிரி இருக்கும். இது எரியவில்லை. ஆனால் வண்டி ஏறவும் இல்லை. மணலைத் தொட்டதும் ‘ங்ங்ங்’ என்று முனகிக் கொண்டே நின்றது. ஹீட் சிங்க்கைத் தொட்டவன் கையை உதறினான்.

அக்கா வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தார். திட்டவில்லை. ‘ரெண்டு தடவை காசு போட்டுப் பாத்தாச்சு இல்ல? இது நமக்கு வராதுடா’ என்றார் அமைதியாக. திட்டியிருந்தால் பையன் வீம்புக்காவது மறுபடி செய்திருப்பான். அமைதியாகச் சொன்னதுதான் வினை. ராத்திரி என்னிடம் வந்து, ‘காமர்ஸே எடுத்துக்கறேன் மாமா. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது போல’ என்றான்.

காமர்ஸ் ஒன்றும் மட்டமான படிப்பு இல்லை. ஆனால் ஒரு பையன் அதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் ஒரு சிப் பொசுங்கியது என்றால் எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. மறுநாள் அவனையும் வண்டியையும் தூக்கிக் கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போனேன்.

பாதி டைனமோ

எங்கள் தெரு முனையில் இருக்கிறது அந்தக் கடை. தண்ணி மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், சீலிங் ஃபேன் எல்லாவற்றுக்கும் காயில் கட்டுவார்கள். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஆர்டுயினோ என்றால் இத்தாலிச் சாப்பாடா என்று கேட்கக் கூடியவர். ஆனால் மோட்டார் என்றால் மோட்டார்தானே?

வண்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மஞ்சள் மோட்டாரை விரலால் சுண்டினார். ‘இது நின்னா எவ்ளோ இழுக்கும்?’ என்றார்.

‘ஓடும்போது 160 மில்லி ஆம்பியர்தான் அண்ணே’ என்றான் பையன். இன்டர்நெட்டில் பார்த்து வைத்திருந்தான்.

‘ஓடறது கெடக்கட்டும். நின்னா?’

பையன் விழித்தான். பெரியவர் எதிரில் கழற்றிப் போட்டிருந்த போர்வெல் மோட்டாரைக் காட்டினார். ‘தம்பி, ஓடற மோட்டாரு பாதி டைனமோ. அது சுத்தறப்போ உள்ளேயே ஒரு கரண்ட்டு உண்டாயி, வர்ற கரண்ட்டை எதுத்துத் தள்ளும். அதனால கொஞ்சமாத்தான் உள்ள வுடும். நின்னுட்டா தள்ளறதுக்கு ஆளு இல்ல. வெறும் காயில் கம்பிதான். கதவைத் தொறந்து போட்ட மாதிரி மொத்தமும் உள்ள வரும். பெரிய மோட்டாருக்கு நேரா சுவிட்சு போடாம ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் எதுக்கு வெக்கறோம்? கெளம்பற நேரத்துக்கு ஆறு மடங்கு, ஏழு மடங்கு இழுக்கும்.’

விஷயம் இவ்வளவுதான். ஆனால் கடையில் யாரும் சொல்வதில்லை. போர்டின் பெயரையும் விலையையும் சொல்கிறார்கள். ‘உன் மோட்டார் நின்றால் எவ்வளவு இழுக்கும்?’ என்று ஒருத்தர் கேட்டிருந்தால் முதல் போர்டே பொசுங்கியிருக்காது. இதற்கு ஆங்கிலத்தில் ஸ்டால் கரண்ட் என்று பெயர். கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர் சட்டைப் பையில் எழுதி எடுத்துப் போக வேண்டிய முதல் எண் இதுதான். ஓட்டக் கரண்ட் அல்ல.

நிற்பது என்றால் சுவரில் முட்டி நிற்பது மட்டும் இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் மோட்டாருக்கு ஒரு கணம் அதே நிலைமைதான். முன்னால் போய்க் கொண்டிருக்கும்போது திடீரென்று ரிவர்ஸ் அமுக்கினால் இன்னும் மோசம். அந்த உள் டைனமோ அப்போது எதிரி கட்சியிலிருந்து நம் கட்சிக்குத் தாவி, அதுவும் சேர்ந்து தள்ளும். இது போக, இந்த வகை வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இடது பக்கச் சக்கரங்கள் ஒரு வேகம், வலது பக்கம் வேறு வேகம் என்று சுற்றித்தான் திரும்ப வேண்டும். பிரக்யானும் அப்படித் திரும்புகிற வண்டிதான். திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக் கொண்டு போகும். சொரசொரப்பான சிமென்ட் தரையில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். நேராக ஓடும்போது இழுத்ததைவிடப் பல மடங்கு இழுக்கும்.

கரண்ட்டை அளக்கிற ஆம்பியர் என்பவர் ஆந்த்ரே மரீ ஆம்பியர், பிரான்சில் லியோன் நகரத்துக்காரர், 1775-ல் பிறந்தவர். எங்கள் ஊரில் டூமாவுக்குத் தெரு உண்டு, சஃப்ரேனுக்குத் தெரு உண்டு. ஆம்பியர் தெரு என் கண்ணில் பட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஆம்பியர் மட்டும் போகாமல் வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அளந்து பார்த்தோம்

பெரியவர் மல்டிமீட்டரை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகச் சொன்னார். (இதை மறந்து சின்ன ஓட்டையில் சொருகினால் மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் பரலோகம் போய்விடும்.) பேட்டரிக்கும் ஒரு மோட்டாருக்கும் நடுவில் மீட்டரை வைத்து ஓட விட்டோம். 0.18. சக்கரத்தை விரலால் மெள்ளப் பிடித்தான். 0.6. இறுகப் பிடித்து நிறுத்தினான். 1.6! சட்டென்று விட்டுவிட வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தால் மோட்டார் சூடேறிக் காயில் போய்விடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். இதற்கு நான் படித்த படிப்பே போதும். வண்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு மோட்டார். இரண்டையும் சேர்த்து ஒரே கன்ட்ரோலர் சேனலில் கட்டியிருந்தான். மணலில் இரண்டும் நின்றால் 1.6-ம் 1.6-ம் 3.2 ஆம்பியர். நகம் சைஸ் போர்டு தாங்குவதாகச் சொல்லிக் கொண்டது 1.5. நாலு விநாடி தாக்குப் பிடித்ததே பெரிய விஷயம்.

சரி, பயில்வான் ஏன் முனகினார்?

அதைப் புரிந்து கொள்ள கன்ட்ரோலர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாலு சுவிட்ச். அவ்வளவுதான். ஆங்கில ‘ஹெச்’ எழுத்தை மனசில் வரைந்து கொள்ளுங்கள். நடுக்கோடு மோட்டார். நாலு கால்களில் நாலு சுவிட்ச். மேலே இரண்டும் பேட்டரியின் பிளஸ், கீழே இரண்டும் மைனஸ். இடது மேல், வலது கீழ் இரண்டையும் போட்டால் கரண்ட் இடமிருந்து வலமாகப் போகும், மோட்டார் முன்னால் சுற்றும். வலது மேல், இடது கீழ் போட்டால் பின்னால். தப்பித் தவறி ஒரே பக்கத்து மேல், கீழ் இரண்டையும் போட்டால் பேட்டரி நேரே ஷார்ட். அப்படி ஆகாமல் பார்த்துக் கொள்வது கன்ட்ரோலரின் வேலை. வேகத்தைக் குறைக்க வேண்டுமா? அந்தச் சுவிட்சை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். பாதி நேரம் போட்டு பாதி நேரம் அணைத்தால் கிட்டத்தட்ட பாதி வோல்ட் கொடுத்த மாதிரி. ஆர்டுயினோவின் பெரும்பாலான கால்கள் இதை விநாடிக்கு 490 தடவை செய்கின்றன. மெதுவாகப் போகும்போது மோட்டார் கொசு மாதிரி ‘ஙொய்ங்’ என்பது இதனால்தான்.

இந்தச் சுவிட்சுகள் எதனால் ஆனவை என்பதில்தான் காசு இருக்கிறது. எல் 298-ல் இருப்பவை பழைய ஜாதிக் குதிரைகள், பைபோலார் டிரான்சிஸ்டர்கள். கரண்ட் இவற்றைக் கடந்து போகும்போது கொஞ்சம் வோல்ட்டை இவை தின்றுவிடும். வீடு பார்க்கப் போனால் புரோக்கர் கமிஷன் எடுப்பதில்லையா, அது போல. 1 ஆம்பியர் போனால் கமிஷன் 1.8 வோல்ட்டிலிருந்து 3.2 வோல்ட் வரை. 2 ஆம்பியர் போனால் 4.9 வோல்ட் வரை கூட எடுக்கலாம். நான் சொல்லவில்லை, சிப் தயாரித்தவர்களே விவரத் தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? வேலை கஷ்டமாக ஆக கமிஷனும் ஏறுகிறது! தரையில் ஓடும்போது கொஞ்சமாக எடுத்துக் கொண்டு சும்மா இருக்கும். மணலில் மாட்டிக் கொண்டு, ‘ஐயா, இப்போதான் எனக்கு வோல்ட் வேணும்’ என்று மோட்டார் கதறுகிற நேரத்தில் பாதியைச் சுருட்டிக் கொள்ளும். பையனின் பேட்டரி 7.6 வோல்ட். அதில் நாலு போனால் மோட்டாருக்கு மிச்சம் மூன்றரை. மணல் மேட்டை எதை வைத்து ஏறும்? சுருட்டிய வோல்ட் எங்கே போகிறது? சூடாக. 2 ஆம்பியரும் 4.9 வோல்ட்டும் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 வாட். ஹீட் சிங்க்கில் கை சுட்டது அந்த 10 வாட்தான்.

இதற்காக எல் 298-ஐ ஒழிக என்று கோஷம் போட நான் தயாரில்லை. 12 வோல்ட் பேட்டரி, ஒரு ஆம்பியருக்குள் இழுக்கிற மோட்டார் என்றால் இரண்டு வோல்ட் கமிஷன் தெரியாது, பாட்டுக்குப் பல வருஷம் உழைக்கும். வயர்களை ஸ்க்ரூ வைத்து முடுக்கலாம், சால்டரிங் தெரியாதவருக்கு அது பெரிய சௌகரியம். நாலு சாதா பென்சில் செல் போட்ட 6 வோல்ட் வண்டியில் அதை வைப்பதுதான் அநியாயம். ஆறு ரூபாய் சம்பளத்தில் இரண்டு ரூபாய் புரோக்கருக்கு.

புதிய தலைமுறை சிப்புகளில் மாஸ்ஃபெட் என்ற வகை சுவிட்சுகள் இருக்கின்றன. உதாரணமாக டிபி 6612 என்று ஒன்று. இதில் கரண்ட் போகிற வழியில் மொத்தத் தடையே சுமார் அரை ஓம்தான். 1 ஆம்பியருக்குக் கமிஷன் அரை வோல்ட். தபால் தலை சைஸில் இருக்கும், ஹீட் சிங்க் கிடையாது. பார்த்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒரு சேனலுக்குத் தொடர்ந்து 1.2 ஆம்பியர், ஒரு கண் சிமிட்டலுக்கும் குறைவான நேரத்துக்கு 3.2 வரை தாங்கும். ஒரு சிப்பில் இரண்டு சேனல். இதன் தம்பி மாதிரி டிஆர்வி 8833 என்று இன்னொன்று. அது 10.8 வோல்ட்டுக்கு மேல் ஏற்கவே ஏற்காது. இரண்டு லித்தியம் செல்லுக்குச் சரி. மூன்று செல் போட்டால் ஃபுல் சார்ஜில் 12.6, காலி.

பெரிய ஆசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சண்டே மார்க்கெட்டில் பழைய கார் வைப்பர் மோட்டார் பார்த்ததும் வாங்கி வந்து, ஆள் உட்காரும் ரோவர் செய்யத் துடிப்பவர்கள் உண்டு. அதெல்லாம் நின்றால் பத்து ஆம்பியருக்கு மேல் எகிறும். இதுவரை சொன்ன சிப்புகள் எதுவும் ஆகாது. பிடிஎஸ் 7960 போன்ற பெரிய போர்டு வேண்டும், அதுவும் ஒரு மோட்டாருக்கு ஒன்று. விளம்பரத்தில் ‘43 ஆம்பியர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது அந்தச் சிப் ‘இனிமேல் தாங்காது’ என்று தானாகவே கரண்ட்டை வெட்டிக் கொள்கிற எல்லை. சின்ன ஹீட் சிங்க்கை வைத்துக் கொண்டு நாள் பூரா அவ்வளவு ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. லாரியில் ‘பளு 10 டன்’ என்று எழுதியிருப்பதும், கவிழும்போது எவ்வளவு இருந்தது என்பதும் வேறு வேறு இல்லையா?

மூன்று வயர் மோசடி

இன்னொரு பள்ளம் இருக்கிறது, ஆபீஸ் நண்பர்கள் பலர் விழுவது. ரிமோட் கார், விமானம் பறக்க விடுகிறவர்கள் உபயோகிக்கும் கன்ட்ரோலருக்கு இ.எஸ்.சி. என்று பெயர். ஆர்டுயினோ, புரோகிராம் எதுவும் வேண்டாம். ரிமோட்டின் ரிசீவரில் நேரே சொருகினால் ஓடும். ஸ்டிக்கைத் தள்ளினால் ரிசீவரிலிருந்து ஒன்று முதல் இரண்டு மில்லி விநாடி வரை நீளமுள்ள துடிப்பு வருகிறது. நடுவில் ஒன்றரை என்றால் நில், இரண்டு என்றால் ஓடு, ஒன்று என்றால் பின்னால் போ. இ.எஸ்.சி.க்கு இந்தப் பாஷை தெரியும். எல் 298-க்கும் டிபி 6612-க்கும் தெரியாது. நல்ல ரிமோட் கையில் இருக்கிறது, புரோகிராம் எழுதப் பொறுமை இல்லை என்றால் இதுதான் வழி. பக்கத்துக்கு ஒன்று வீதம் இரண்டு வாங்க வேண்டும், ரிமோட்டில் எலிவான் மிக்ஸிங் இருக்க வேண்டும். இருந்தால் ஒரே ஸ்டிக்கில் திரும்பலாம்.

ஆனால் டிரோன் கடையில் போய் இ.எஸ்.சி. கேட்டால் மூன்று வயர் வெளியே வருவதைக் கொடுப்பார்கள். அது பிரஷ் இல்லாத மோட்டாருக்கு. நம் மஞ்சள் மோட்டார் கார்பன் பிரஷ் வைத்தது போல உள்ளே உரசிக் கொண்டு சுற்றுகிற ரகம், இரண்டே வயர். இதற்கு அது பேசாது, எந்த இரண்டு வயரைக் கொடுத்தாலும் பேசாது. விமானத்துக்கான பலவற்றில் ரிவர்ஸும் கிடையாது. விமானம் ரிவர்ஸில் போய் என்ன செய்ய? பிரக்யானின் ஆறு சக்கரங்களிலும் பிரஷ் இல்லாத மோட்டார்தான். அதைப் பார்த்துவிட்டு நாமும் அதையே போட வேண்டும் என்பதில்லை. பிரக்யான் போனது விநாடிக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர். நத்தைக்கு அண்ணன். இறங்கிப் பத்து நாளில் அது கடந்தது 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் ஆகஸ்ட் 27-ம் தேதி மூன்று மீட்டர் முன்னால் நாலு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிய, வந்த வழியே திரும்பு என்று பூமியிலிருந்து உத்தரவு போயிற்று. ரிவர்ஸ் இல்லாத கன்ட்ரோலர் என்றால் கதை கந்தல்.

மணல் விவகாரத்தை நிலா வண்டிக்காரர்களும் தமாஷாக எடுத்துக் கொள்வதில்லை. சந்திரயான்-2 சமயத்தில் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையைப் பொடி செய்து செயற்கை நிலா மண் தயாரித்தார்கள். நிலாவின் மேட்டு நிலத்துப் பாறையும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே வகை. அந்த மண்ணில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மேலே அனுப்பினார்கள்.

செவ்வாயில் அமெரிக்காவின் ஸ்பிரிட் ரோவருக்கு வந்த கஷ்டம் பையனின் கஷ்டத்துக்கு மிக நெருங்கிய உறவு. 2004-ல் இறங்கியது. அந்த வருஷ நடுவிலேயே அதன் வலது முன் சக்கர மோட்டார் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுப்பதை இங்கிருந்தே கண்டுபிடித்தார்கள். கை வைத்து சூடு பார்க்க முடியாது, பொசுங்கின வாசனை வராது, ஆம்பியர் எண் ஒன்றுதான் தகவல். சூடேற்றிப் பார்த்தார்கள், பின்பக்கமாக ஓட்டிப் பார்த்தார்கள். 2006 மார்ச்சில் அந்தச் சக்கரம் நிரந்தரமாக நின்றுவிட்டது. அப்புறம் அதை நொண்டிக் காலாக இழுத்துக் கொண்டே பின்பக்கமாக ஓட்டினார்கள். 2007-ல் அந்த நொண்டிக் கால் கிழித்த மண்ணுக்குள் பளீரென்று வெள்ளையாக, சுமார் 90 சதவீதம் சிலிக்கா! ஒரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கு அடையாளம். பையனிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ‘அவங்க மோட்டாரும் நின்னுச்சா மாமா?’ என்றான்.

கடைசியில் என்ன வாங்கினோம்? டிபி 6612 போர்டு இரண்டு. இரண்டுக்குமாகச் சேர்த்து நாலு சேனல், மோட்டாருக்கு ஒன்று. 3.2 என்ற பூதம் இப்போது 1.6 ஆகக் குறைந்துவிட்டது. தொடர்ந்து தாங்குவது 1.2 ஆயிற்றே? அதற்கு நான் எதுவும் செய்யவில்லை, பையனே வழி சொன்னான். ‘புரோகிராம்ல முக்கால் வேகத்துக்கு மேல போகாம கட்டிடலாம் மாமா. 1.6-ல முக்கால் 1.2 தானே?’ போட்டுப் பாருங்கள், சரியாக வருகிறது. 7.6 வோல்ட்டில் முக்கால் 5.7. அந்த மஞ்சள் மோட்டாருக்குச் சொல்லியிருப்பதும் 6 வோல்ட்தான். ஒரே கட்டில் இரண்டு நோய்க்கும் மருந்து. கமிஷன் குறைந்த கன்ட்ரோலர் வாங்கினால் இந்தக் கட்டுப்பாடு அவசியம் வேண்டும். புரோக்கர் இல்லை என்பதற்காக மொத்தச் சம்பளத்தையும் மோட்டாருக்கு ஊட்டினால் அதற்கும் அஜீரணம்தான்.

சில்லறை விஷயங்கள் சில. டிபி 6612-ல் ‘எஸ்.டி.பி.ஒய்.’ என்று ஒரு கால் இருக்கும். அதற்கு 5 வோல்ட் கொடுக்காவிட்டால் சிப் தூங்கிக் கொண்டே இருக்கும், நாம் வயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பைத்தியம் பிடித்து அலைவோம். பையன் ஒரு முழு சாயங்காலம் அலைந்தான். ஆர்டுயினோவின் மைனஸும் மோட்டார் பேட்டரியின் மைனஸும் ஒன்றாகச் சேர வேண்டும், இல்லாவிட்டால் மூளை சொல்வது காலுக்குக் கேட்காது. ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ‘104’ என்று எழுதிய சின்ன கெபாசிட்டரைச் சால்டர் செய்தால் பிரஷ் கிளப்பும் இரைச்சல் அடங்கி, ஆர்டுயினோ பாதியில் மயக்கம் போடுவது குறையும். கடைசியாக, தயவு செய்து அந்த 9 வோல்ட் சதுர பேட்டரி வேண்டாம். ரிமோட் வண்டிப் படங்களில் அது அழகாக இருக்கும். ஆம்பியர் கேட்டால் கையை விரித்துவிடும். கன்ட்ரோலர் மேல் பழி விழும்.

பேட்டரி வயரில் ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸும் போட்டான். காயில் கடைப் பெரியவர் யோசனை. லித்தியம் செல் ஷார்ட் ஆனால் சிப் மட்டும் பொசுங்காது, மேஜையும் சேர்ந்து பொசுங்கும் என்று அவர் சொன்ன விதத்தில் நானே வீட்டுக்குப் போய் போன் சார்ஜரைக் கழற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மணல் மேடு. இந்த முறை தெருப் பையன்கள் பத்துப் பேர், கொத்தனார், சித்தாள் இரண்டு பேர், காயில் கடைப் பெரியவர் என்று கூட்டம். வண்டி அடிவாரத்தில் கொஞ்சம் புதைந்தது, சக்கரம் மணலை வாரி அடித்தது, மெள்ள மெள்ள ஏறியது. உச்சியில் பாதிச் சக்கரம் அந்தரத்தில் நிற்க, பையன் திருப்பி இறக்கினான். சிப்பைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவே.

அக்கா வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். போனை வாங்கி, இரண்டு தடவை அவரே மேலே ஏற்றி இறக்கினார். பாலிடெக்னிக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘ஏண்டா, இதைவிடப் பெருசா, ஒரு குடம் தண்ணி தூக்கற மாதிரி செஞ்சா இதே சிப்பு தாங்குமா?’ என்றார்.

‘அந்த மோட்டாரை வாங்கிப் பிடிச்சு நிறுத்தி அளந்துட்டுதான்ப்பா சொல்ல முடியும்’ என்றான்.

‘எவ்வளவு ஆகும் அந்த மோட்டாரு?’ என்று கேட்டுக் கொண்டே சட்டைப் பையைத் தடவினார்.